மலாவியில அந்த ஊர் சிச்சேவா மொழியில நாலு வார்த்தை பேசினப்போ என்ன நடந்தது? உங்க அனுபவம் சொல்லுங்க

மேட்டூரான்:
தலைநகர் லிலாங்வேயிலிருந்து தெட்சா ஊருக்குப் போற ரோடு தெரிஞ்சவங்களுக்கு அந்த போலீஸ் செக்போஸ்ட் தெரியும். ஓரத்துல உருளைக்கிழங்கை வாளியில கோபுரமா குவிச்சு விப்பாங்களே, அந்தப் பக்கம். ஆபீஸ் வண்டி, டிரைவர் உள்ளூர்க்காரர். போலீஸ்காரர் ஜன்னல்கிட்ட வந்து இங்கிலீஷ்ல வாயைத் திறக்கிறதுக்குள்ள நான் "ம்வாஸ்வேரா ப்வாஞ்ஜி, பாம்போ"ன்னு மதிய வணக்கம் சொன்னேன். மனுஷன் சட்டுனு நிமிர்ந்தார். "ந்தாஸ்வேரா ப்வீனோ, காயா இனு?" (நல்லா இருக்கேன், நீங்க?)ன்னு ஒரு எழுத்து முழுங்காம சொல்லிட்டு, நிறுத்திட்டார். பின்னாடி லாரி ஹாரன் அடிக்குது, அவர் அசையல. நானும் என் பங்குக்கு நல்லா இருக்கேன்னு சொன்ன பிறகுதான் லைசென்ஸ் கேட்டார். அதுக்காக விட்டாரான்னா, இல்லை. டிக்கியைத் திறக்கச் சொல்லி முக்கோண ரிஃப்ளெக்டர் ரெண்டும் இருக்கான்னு எண்ணிப் பார்த்தார். கிளம்புறப்போ வண்டிக் கூரையில கையை வெச்சுக்கிட்டு என்னைப் பார்த்து நீளமா ஏதோ சொன்னார் பாருங்க, டிரைவர் ஸ்டியரிங் மேல கவிழ்ந்து சிரிச்சார். என்னன்னு கேட்டா "நல்லதுதான் சார்"னு மழுப்பிட்டார். இன்னைக்கு வரைக்கும் சொல்லல. நடுவுல "ம்காஸி"ன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்துச்சு. யாருக்காவது ஊகம் இருக்கா?

குன்னூர் ஜெயா:
ம்காஸின்னா பொம்பளை, பொண்டாட்டி. பொண்ணு பார்த்து வைக்கட்டுமான்னு கேட்டிருப்பார், விடுங்க.

என் கதை மலாவியோட வடக்கே ம்சூசு நகர மார்க்கெட்ல. வாழைப்பழம் வித்த பாட்டிகிட்ட "ஸிகோமோ க்வாம்பிரி, அமாயி"ன்னு நன்றி சொல்லிக் கையை நீட்டினேன். மீதிப் பணம் அவங்க விரல் இடுக்குல இருக்கு, குடுக்கல. "யேவோ"ன்னாங்க. முழிச்சேன். மறுபடி, மெதுவா, "யே-வோ." நானும் "யேவோ"ன்னு சொன்ன பிறகுதான் நோட்டு என் கைக்கு வந்துச்சு. முகத்துல சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. அதுதான் உறுத்துது. வடக்கே தும்புகா மொழி பேசுறவங்க, அதுல நன்றிக்கு "யேவோ". 1968-ல முதல் ஜனாதிபதி பாண்டா ஆட்சியில சிச்சேவாவை தேசிய மொழி ஆக்கினப்போ தும்புகாவை வானொலியிலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் எடுத்துட்டாங்க. வானொலிக்குத் திரும்ப வந்தது 1994-ல ஆட்சி மாறின பிறகுதான். அந்தப் பாட்டி வயசுக்கு எல்லாத்தையும் பார்த்திருப்பாங்க. சிச்சேவா கத்துக்கிட்டா மலாவி முழுக்கச் சுத்தலாம்னு எழுதுறவங்க ம்சூசு வரைக்கும் பஸ் ஏறினதில்லைன்னு நினைக்கிறேன்.

வாத்தியார்:
ஜெயா, வடக்கேயும் சிச்சேவா புரியாதவங்க குறைவு. ஒரு பாட்டியை வெச்சு முடிவு கட்டாதீங்க. என் அனுபவம் சின்னது. சோம்பா மார்க்கெட்ல தக்காளி வாங்கிட்டு "ம்பஸேலா?"ன்னு கேட்டேன், நம்ம கொசுறுதான். அந்தம்மா பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டு என்னைத் திரும்பச் சொல்ல வெச்சு, ரெண்டு தக்காளி போட்டாங்க.

புதுசாப் போறவங்களுக்குச் சில விஷயம். காலையில "ம்வாட்சூகா ப்வாஞ்ஜி", மதியத்துக்கு மேல "ம்வாஸ்வேரா ப்வாஞ்ஜி", நேரம் குழப்பினா "முலி ப்வாஞ்ஜி", அது எப்பவும் ஓடும். வணக்கம் சொல்லி, பதில் வாங்கி, திருப்பிச் சொல்லி முடிச்ச பிறகுதான் பஸ் எங்கே, விலை என்னன்னு போகணும். "இனு" நீங்க, "இவே" நீ. மினிபஸ் பசங்க ஆளுக்காள் இவே போட்டுப் பேசுறதைக் கேட்டுட்டு நீங்க பெரியவங்ககிட்ட போட்டுடாதீங்க. உச்சரிப்புல நமக்கு ஒரு சலுகை உண்டு: அரிச்சுவடியில படிச்சுட்டு அப்படியே மறந்த ஙா, ஙி, ஙோ எல்லாம் அங்கே தினப்படிப் புழக்கம். மாடு "ஙோம்பே". சிச்சேவா தெரியுமான்னு கேட்டா "பஙோனோ", கொஞ்சம். வெள்ளைக்காரங்க இதுலதான் திணறுவாங்க. ல-வும் ர-வும் மலாவிக்காரங்க வாயில இடம் மாறும், ரெண்டுல எது சொன்னாலும் புரிஞ்சுக்குவாங்க. எண்களுக்கு மெனக்கெடாதீங்க; ஆறுன்னு சொல்ல "அஞ்சும் ஒண்ணும்"னு கூட்டணும், ஏழுக்கு "அஞ்சும் ரெண்டும்". அந்த ஊர்ப் பணம் க்வாச்சா ஆயிரக்கணக்குல போறதால கடைக்காரங்களே விலையை இங்கிலீஷ்லதான் சொல்றாங்க. அப்புறம், கை குலுக்கும்போது இடது கையால வலது முழங்கைப் பக்கம் தொட்டுக்கோங்க. பேச்சு சரியா வரலைன்னாலும் இது பேசிடும்.

லுசாகாவாசி:
வாத்தியாரே, யாரும் பாடம் கேக்கலையே. அதோட உங்க பாடம் எல்லையைத் தாண்டினா பாதிதான் செல்லும். சாம்பியாவில இதே மொழிக்குப் பேர் ந்யாஞ்சா. மலாவியில ரெண்டு வருஷம் இருந்துட்டு வந்த தெம்புல, சாம்பியா தலைநகர் லுசாகாவில மினிபஸ் ஏறினதும் "ம்வாஸ்வேரா ப்வாஞ்ஜி"ன்னு கண்டக்டர்கிட்ட முறையா ஆரம்பிச்சேன். பையன் டிரைவர் பக்கம் திரும்பி என்னமோ கத்தினான். அதுல எனக்குப் புரிஞ்சது "அம்புயா" மட்டும். பாட்டின்னு அர்த்தம், தாத்தாவுக்கும் அதேதான். மூணு சீட்டு சிரிச்சுது. இங்கிலீஷும் பெம்பா மொழியும் கலந்து அடிக்கிற ஊர்ல நான் கிராமத்துக் கிழவன் மாதிரி பேசியிருக்கேன் போல. ஆனா இறங்குறப்போ அதே பையன் என் மூட்டையைத் தூக்கிக் குடுத்துட்டு, ரொம்பப் பவ்யமா "ஸிகோமோ, அம்புயா"ன்னான். எனக்கு முப்பத்தி நாலு வயசு. அவன் கிண்டல் பண்ணினானா மரியாதை குடுத்தானான்னு இன்னும் பிடிபடல.

வாத்தியார்:
மலாவி எல்லையை ஒட்டின சிபாட்டா பக்கம் போய்ப் பேசிப் பாருங்க, அங்கே மலாவி பேச்சு அப்படியே எடுபடும். லுசாகா மட்டும் சாம்பியா இல்லை.

குன்னூர் ஜெயா:
இதையே நான் ம்சூசுவுக்குச் சொன்னா ஒரு பாட்டியை வெச்சு முடிவு கட்டாதேன்னீங்க!