காலை ஓட்டம் – சாஸ்திரி நகர் 🏃

சனி, பிப்ரவரி 7

[மாலை 6:48] செல்வம்: நாளைக்கு 5:35க்கு மெயின் கேட். உதயம் 6:34. பெசன்ட் நகர் பீச்ல இருக்கற ஸ்மிட் நினைவுச்சின்னம் வரைக்கும் ரோடு, அங்கேர்ந்து ஈர மணல்ல வடக்கே அடையாறு கடல்ல கலக்கற முகத்துவாரம் பக்கம், அதே வழியில திரும்பறோம். மொத்தம் ஏழு கிலோமீட்டர் கிட்ட. வர்றவங்க கை தூக்குங்க.

[6:50] ரகு: ✋ அண்ணா, 6:15க்கு கிளம்பினா ஆகாதா? கும்மிருட்டா இருக்குமே

[6:54] ராமநாதன் அங்கிள்: ஆகாதுப்பா. பாக்க வேண்டியதுல பாதி சூரியன் வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சுடும். கடலோரம் ஆறு மணிக்கு இருந்தா தென்கிழக்கே விருச்சிகம் தெரியும், நடுவுல சிவப்பா கேட்டை நட்சத்திரம். தெற்கே உசரத்துல தேய்பிறை அரை நிலா. 6:12 வாக்குல வெளிச்சம் ஏற ஆரம்பிச்சா நட்சத்திரம் ஒவ்வொண்ணா காணாமப் போகும்.

[6:55] ராமநாதன் அங்கிள்: லேட்டா விடியுதேன்னு அலுத்துக்காதே. நமக்கு ரொம்பத் தாமதமான உதயம் டிசம்பர்ல இல்ல, ஜனவரி கடைசிலதான், 6:36 வரைக்கும் போகும். ஜூன் ஆரம்பத்துல 5:42. அப்ப நாலரைக்கு எழுப்புவோம், பாத்துக்கோ.

[6:56] ரகு: 😳 சரி அங்கிள். கிழக்கே பாத்துட்டு நின்னா போதும்ல?

[7:01] ராமநாதன் அங்கிள்: நேர் கிழக்கே பாத்தா ஏமாந்துடுவே. இப்ப சூரியன் 15 டிகிரி தெற்கே தள்ளி வருது. கையை நீட்டி முஷ்டியை மடக்கினா அது 10 டிகிரி. ஒன்றரை முஷ்டி வலப்பக்கம் பாரு. ஜூன்ல இதே மணல்ல நின்னா 24 டிகிரி வடக்கே வரும். கீற்று தெரிஞ்சதுலேர்ந்து முழு வட்டம் ஏற ரெண்டே கால் நிமிஷம்தான், வாட்சைத் தட்டிட்டு இருந்தா போச்சு. அடிப்பக்கம் நசுங்கித் தெரியும், காத்து ஒளியை வளைக்கறதால. அடிவிளிம்பு கடலைத் தொட்டுட்டு நிக்கறதா நம்ம கண்ணுக்குத் தெரியற அந்த நொடில, நிஜ சூரியன் முழுசா அடிவானத்துக்குக் கீழதான் இருக்கு!

[7:02] ராமநாதன் அங்கிள்: உதயத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாடி ஒரு தடவை மேற்கேயும் திரும்பிப் பாருங்க. கீழ சாம்பல் நீலம், அதுக்கு மேல இளஞ்சிவப்புப் பட்டை. அந்தச் சாம்பல் பூமியோட நிழல். வீடுங்க மறைக்கும், முகத்துவாரத்துல ஆத்துப் பக்கம் திறந்து கிடக்கும். புகைமூட்டம் இருந்தா தெரியாது.

[7:05] மல்லிகா ஆன்ட்டி: 📷 படம் (ரோஜாப்பூ, சூரியன், ‘இயற்கைக்கு நன்றி சொல்வோம்’)

[7:06] செல்வம்: ஆன்ட்டி கோச்சுக்காதீங்க, ஃபார்வர்டு படம் வேணாம்னு பேசினோம்ல. ஓடிட்டு வந்து ஆளுக்கு ஒரு வரி போடுங்க: என்ன, எங்கே, எத்தனை மணிக்கு. அது போதும்.

[7:08] மல்லிகா ஆன்ட்டி: சரி சரி. ஆனா முட்டி வலிக்கு நான் நடக்கத்தான் முடியும். நடக்கறவங்க என்னத்த பாக்கறது?

[7:15] மீனாட்சி: நடக்கறவங்களுக்குத்தான் ஆன்ட்டி கூடுதலா கிடைக்கும். பூவரச மரம் வந்தா நில்லுங்க. இன்னிக்கு விரிஞ்ச பூ மஞ்சளா இருக்கும், உள்ளே எட்டிப் பாத்தா அடில அரக்கு வட்டம். பக்கத்துலயே நேத்து பூத்தது கத்திரிப்பூ கலந்த சிவப்புல வாடித் தொங்கும். ரெண்டு வகைப் பூ இல்ல, ஒரே பூவோட ரெண்டு நாள். வெயில் ஏறினா மஞ்சள் மங்க ஆரம்பிச்சுடும், அதனால காலைலதான் வித்தியாசம் பளிச்சுனு தெரியும். நாட்டு வாதாம் மரமும் இப்ப இலை சிவந்து உதிர்ற காலம். மணல் மேட்டுல அடும்புக்கொடி இருந்தா ஊதா பூவை மதியத்துக்குள்ள பாத்துடணும், அப்புறம் சுருங்கிடும்.

[7:18] மீனாட்சி: காதுக்கு: முதல்ல கரிச்சான், நல்ல இருட்டுலயே ஆரம்பிச்சுடும். தலைக்கு மேல ‘குவாக்’னு ஒத்தைக் குரல் கேட்டா அது வக்கா, இராக்கொக்கு, ராத்திரி மேய்ச்சல் முடிச்சு வீட்டுக்குப் போகுது. விடிஞ்சப்புறம் செம்போத்து, ஆழமா ‘ஊப் ஊப்’. குயில் இப்பதான் தொண்டையைச் சரி பண்ணுது, பங்குனி சித்திரைல தூங்க விடாது. சந்தேகம்னா குரலை வெச்சுப் பறவை பேர் சொல்ற மெர்லின் ஆப்ல பதிவு பண்ணுங்க. அலைச் சத்தத்துல அது தடுமாறும், தெருவுக்குள்ளயே பண்ணிடுங்க. இயர்போன் மட்டும் வீட்டுல.

[7:19] ரகு: பாட்டு இல்லாம ஓடணுமா அக்கா 😭

[7:20] மீனாட்சி: ஆமா

[7:27] யாஸ்மின்: முக்கியமான விஷயம். இது பங்குனி ஆமை முட்டை போடற சீசன், ஏப்ரல் வரைக்கும். மணல்ல கால் வெச்சதும் டார்ச், மொபைல் ஃபிளாஷ் எல்லாம் ஆஃப். கரையேற வர்ற ஆமை வெளிச்சத்தைப் பாத்தா முட்டை போடாமயே திரும்பிடும். குஞ்சுங்க பிரகாசமான பக்கத்தைக் கடல்னு நம்பி ரோட்டு விளக்கைப் பாத்து நடக்கும். இருட்டுக்குக் கண்ணு பழக இருபது நிமிஷம் ஆகும், அப்புறம் நிலா வெளிச்சமே தாராளம்.

[7:31] யாஸ்மின்: டிராக்டர் டயர் மாதிரி ஒரு தடம், முக்கால் மீட்டர் அகலத்துல ஏறி இறங்கியிருந்தா, அது மேல ஓடாதீங்க, குச்சி விட்டுக் குத்தாதீங்க. ஒரு குழில நூறு, நூத்தி இருபது முட்டை இருக்கும். 1988லேர்ந்து மாணவர் ஆமைப் பாதுகாப்புக் குழு ராத்திரி பூரா நீலாங்கரைலேர்ந்து பெசன்ட் நகர் வரைக்கும் நடந்து, முட்டையை எடுத்து வேலி போட்ட பொரிப்பகத்துல வெக்கறாங்க. 45லேர்ந்து 55 நாள்ல பொரியும். மணல் சூடா இருந்தா பெண், குளிர்ச்சியா இருந்தா ஆண். தடத்தைப் பாத்தா எனக்கு லொகேஷன் அனுப்புங்க, நான் சொல்லிடறேன்.

[7:33] மல்லிகா ஆன்ட்டி: செத்து ஒதுங்கினது இருந்தா?

[7:35] யாஸ்மின்: தொடாம போட்டோவும் இடமும் மட்டும் ஆன்ட்டி. ஆமைக்கு நுரையீரல், மூச்சுக்கு மேல வந்தாகணும். இழுவலைல மாட்டினா முடியாது. 2025 ஜனவரில நம்ம கரைல நூத்துக்கணக்குல ஒதுங்கிச்சு. நன்றி சொல்லணும்னா ஆளுக்கு ஒரு சாக்குப்பை எடுத்துட்டு வாங்க, திரும்பி வர்றப்ப அறுந்த வலைத் துண்டைப் பொறுக்கலாம். முள் இருக்கும், கையுறை கட்டாயம். பாதி புதைஞ்சதை இழுக்காதீங்க.

[7:42] செல்வம்: இனி காலுக்கு. அலை வந்துட்டுப் போன பளபளப்புக்கும் காய்ஞ்ச மணலுக்கும் நடுவுல கெட்டியா ஒரு பட்டை இருக்கும், அதுலதான் ஓடணும். குதிகால் ஒரு விரல் அகலத்துக்கு மேல இறங்கினா இடம் தப்பு. கடல் பக்கம் சரிவு: போறப்ப வலது கால் பள்ளத்துல, வர்றப்ப இடது கால். அதனாலதான் அதே வழியில திரும்பச் சொல்றேன். போறது மணல், வர்றது ரோடுன்னு பண்ணினா ஒரே பக்கம் இடுப்பும் முட்டியோட வெளிப்பக்கமும் பிடிச்சுக்கும். புதுசா வர்றவங்க உதிரி மணல்ல பத்து நிமிஷத்துக்கு மேல வேணாம், கெண்டைக்கால் மறுநாள் பழிவாங்கும்.

[7:44] செல்வம்: ஒரு வேடிக்கை, கால் ஊன்றி நின்னு பாருங்க. பாதத்தைச் சுத்தி ஈர மணல் ஒரு நொடி வெளுத்துக் காய்ஞ்சுடும். அழுத்தினதும் நெருக்கமா அடுக்கியிருந்த துகள் விலகி இடைவெளி கூடுது, மேல இருக்கற தண்ணி உள்ளே இறங்கிடுது. காலை எடுத்தா தண்ணி தேங்கும்.

[7:45] ரகு: வேகம் எவ்ளோ அண்ணா

[7:48] செல்வம்: முழு வாக்கியம் பேசற வேகம். பேச்சு திக்கினா ஒரு நிமிஷம் நட. விடிகாலைல சூடு கம்மி, ஆனா ஈரப்பதம் அப்பதான் உச்சம், வேர்வை காயாது. கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் தண்ணி. ரோட்ல வலது ஓரம், எதிர்ல வர்ற வண்டி தெரியணும். தெருமுனைல நாய்ங்க குரைச்சா ஓட்டத்தை நிறுத்தி நடங்க, கண்ணைப் பாக்காதீங்க. கடிச்சா சோப்புப் போட்டு ஓடற தண்ணில 15 நிமிஷம் கழுவி நேரா ஆஸ்பத்திரி.

[7:49] மீனாட்சி: அங்கிள், நீங்க சுகர் மாத்திரை போடறவரு, வெறும் வயித்துல வேணாம். ஒரு வாழைப்பழம். வெறுங்காலும் கூடாது.

[7:50] ராமநாதன் அங்கிள்: உத்தரவு 🙏

[7:52] மல்லிகா ஆன்ட்டி: நான் நேரா ஆட்டோல ஸ்மிட் கிட்ட வந்துடறேன். பூவரசு எந்தப் பக்கம்னு யாராவது காட்டுங்க.

[7:53] செல்வம்: மீனாட்சி அங்க இருப்பாங்க ஆன்ட்டி. வாட்ச்மேன் கிட்ட சைடு கேட் திறக்கச் சொல்லிட்டேன்.

[7:55] ரகு: அலாரம் 5:05. யாராவது 5:15க்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க, ப்ளீஸ்