புதுப்பிப்பு: 500 மீட்டர் கிளஸ்டர் சிக்கல் தீர்ந்தது (சாதாரணக் கல்குவாரி, பட்டா நிலம்)

போன தடவை பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: என் குவாரிக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வாங்குவதில்தான் சிக்கல். 500 மீட்டருக்குள் இருக்கும் குவாரிகளின் பரப்பை எல்லாம் ஒரே கிளஸ்டராக, அதாவது தொகுப்பாகக் கூட்டிப் பார்ப்பார்கள். என் குவாரி 2.10 ஹெக்டேர். 500 மீட்டருக்குள் ஓடும் குவாரி ஒன்று 1.80, கைவிட்டது ஒன்று 1.60. மொத்தம் 5.50, அதாவது 5 ஹெக்டேரைத் தாண்டுவதால் கடுமையான பி1 வகை, மக்கள் கருத்துக்கேட்பு வேண்டும் என்று ஆலோசகர் கையை விரித்துவிட்டார்.

போன தடவை பதில் சொன்ன கிருஷ்ணகிரி நண்பரின் யோசனைதான் பலித்தது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2016 ஜூலை அறிவிக்கையின்படி, மூன்று வருடமோ அதற்கு மேலோ ஓடாத குவாரியைக் கிளஸ்டர் பரப்பில் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் நாம் சொன்னால் போதாது. 500 மீட்டருக்குள் என்னென்ன குவாரி இருக்கிறது என்று கனிமவளத் துறை உதவி இயக்குநர் தரும் கடிதத்தில் அந்தக் குவாரி எந்தத் தேதியிலிருந்து ஓடவில்லை என்று இருக்க வேண்டும். முதல் கடிதத்தில் 'பழைய குவாரி' என்று மட்டும் இருந்தது, திருத்தி வாங்கினேன். பரப்பு 3.90 ஆனது, மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லாத பி2 வகையிலேயே முடிந்தது.

எதிர்பாராதது இரண்டு. பரப்புக் கணக்கில் சேர்க்காவிட்டாலும், சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டத்தில் அந்தப் பழைய குழியையும் சேர்க்கச் சொன்னார்கள், அனுமதி தருபவர்கள். அடுத்தது, 300 மீட்டருக்குள் வீடு இல்லை என்ற விஏஓ சான்று. செயற்கைக்கோள் படத்தில் ஒரு தகரக் கூரை தெரிகிறதே என்றார்கள். மோட்டார் ஷெட்தான்! கதவைத் திறந்து, மோட்டார் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக் கொடுத்த பிறகே விட்டார்கள். பரிவேஷில் (சுற்றுச்சூழல் அனுமதிக்கு விண்ணப்பிக்கும் அரசு இணையதளம்) ஏற்றுவதற்கு முன்பே இப்படிப்பட்ட ஷெட்டுகளைப் படம் எடுத்து வையுங்கள்.