சிறிய கைத்துப்பாக்கிக்கு .380 தோட்டாவா, 9 மி.மீ. தோட்டாவா?

வணக்கம். டெக்சஸில் வசிக்கும் நான், தற்காப்புக்காக இடுப்பு உறையில் மறைத்து எடுத்துச் செல்லத்தக்க சிறிய கைத்துப்பாக்கி ஒன்றை முதன்முறையாக வாங்கவிருக்கிறேன்; .380 ஏசிபி, 9 மி.மீ. லூகர் ஆகிய இரண்டில் எதைத் தேர்வது என்பதில்தான் உங்கள் அனுபவம் எனக்குத் தேவைப்படுகிறது. இரண்டின் குண்டுகளும் ஏறத்தாழ ஒரே விட்டம் கொண்டவை என்றாலும், .380-இன் கூடு 17 மி.மீ. நீளமே கொண்டு குறைந்த அழுத்தத்தில் இயங்குவதால், அதன் விரியும் முனைக் குண்டுகள் பல, அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் சோதனை கோரும், உடல் தசையை ஒத்த ஜெல் கட்டிக்குள் 12 அங்குல ஊடுருவலை எட்டுவதில்லை. ஆனால் என் வலது மணிக்கட்டில் பழைய எலும்பு முறிவு உண்டு. வாடகைக்கு எடுத்த, 9 மி.மீ. துப்பாக்கியான கிளாக் 43-இல் 50 தோட்டாக்களைச் சுட்டதும் வலியால் குறி தவறியது. .380 துப்பாக்கியான கிளாக் 42-இலோ குறி கடைசிவரை நிலைத்தது. ஆகவே .380 பக்கமே மனம் சாய்கிறது. இத்தகைய வலி உள்ளவர்கள், எடை கூடிய 9 மி.மீ. துப்பாக்கிக்கு மாறியபின் பின்னுதைப்பு தாங்கும்படி குறைந்ததா என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.