போர்டில் இடம் பத்தாதபோது என்ன செய்தீர்கள்? – அனுபவப் பகிர்வு

கோவை லேஅவுட்:

பம்ப் செட்டுக்கான கன்ட்ரோல் போர்டுகளை (எலக்ட்ரானிக் சர்க்யூட் பலகைகளை) வடிவமைப்பது என் வேலை. சமீபத்தில் ஒரு கம்பெனிக்காகப் பழைய பெட்டிக்குள்ளேயே 4ஜி மோடமும் சிம் சாக்கெட்டும் கூடுதலாக உட்கார வைக்க வேண்டியிருந்தது. பெட்டிக்கான மோல்டை மாற்ற முடியாது, திருகு துளைகளும் அதே இடத்தில் இருக்க வேண்டும். "ரெசிஸ்டர் எல்லாத்தையும் 0402-க்கு மாத்திடுங்க சார், இடம் தானா கிடைக்கும்" என்றார்கள். 0402, 0603 என்பவை உதிரிகளின் அளவுக் குறியீடுகள், 0402 சின்னது. பலரும் முதலில் யோசிப்பது இதைத்தான், அதனால் கணக்கையே இங்கே எழுதுகிறேன்.

போர்டு வடிவமைக்கும் கீகேட் மென்பொருளில் 0603 ரெசிஸ்டர் ஒன்று, சுற்றியுள்ள காலி இடத்தையும் சேர்த்து, 2.96 × 1.46 மி.மீ. பிடிக்கும். 0402 பிடிப்பது 1.86 × 0.94. ஒரு ரெசிஸ்டரை மாற்றினால் மிச்சமாவது சுமார் 2.6 சதுர மி.மீ. நாற்பது ரெசிஸ்டரை மாற்றினாலும் ஒரு சதுர செ.மீ.தான் கையில் வரும். மோடம் மட்டுமே 24 × 24 மி.மீ., அதாவது ஏறக்குறைய ஆறு சதுர செ.மீ. சாக்கெட்டும் ஆன்டெனா கனெக்டரும் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. உதிரிகளைச் சுருக்கி இந்த இடத்தைப் பிடிக்க முடியாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

சரி, வேறெங்கே தேடுவது? ஒவ்வொரு ரிலேவுக்கும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒரு டிரான்சிஸ்டர், பேஸ் ரெசிஸ்டர், காயிலுக்குக் குறுக்கே ஒரு டையோடு என்று பழைய போர்டில் தனித்தனியாக இருந்தன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரே ஒரு யுஎல்என்2003 ஐசி (சிப்) போட்டேன். ரிலேவை இயக்கும் ஏழு டிரைவர்கள், பேஸ் ரெசிஸ்டர்கள், டையோடுகள் அத்தனையும் அந்தப் பதினாறு கால் ஐசிக்குள்ளேயே இருக்கின்றன. அதைவிடப் பெரிய லாபம், இன்புட் எல்லாம் ஒரு பக்கம், அவுட்புட் எல்லாம் நேர் எதிர்ப் பக்கம். இடப்பக்கம் வரும் ட்ராக் (செம்புக் கோடு) வலப்பக்கமாக அப்படியே ரிலேவுக்குப் போய்விடும்.

அப்புறம் மைக்ரோகன்ட்ரோலர், அதாவது புரோகிராமை ஓட்டும் ஐசி. இதில்தான் இடம் கொட்டிக் கிடந்தது. பழைய போர்டில் புரோகிராம் எழுதியவர் பின்களை (ஐசியின் கால்களை) வரிசை எண்படி ஒதுக்கியிருந்தார்: முதல் ரிலே, இரண்டாம் ரிலே, எல்இடி, சுவிட்ச் என்று. காகிதத்தில் அழகுதான். போர்டிலோ ட்ராக்குகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயின. ஒவ்வொரு வெட்டுக்கும் இரண்டு வயா (ட்ராக் போர்டின் மறுபக்கம் போகும் துளை), வயாவைச் சுற்றி இடைவெளி, அது ஏறி இறங்க ஒரு சந்து. ஐசிக்கும் டிரைவருக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு இந்தச் சந்துதான் இருந்தது. கிரிஸ்டல், சீரியல் போர்ட், அனலாக் இன்புட், புரோகிராமிங் பின்கள் ஆகியவற்றை மட்டும் நிலையாக வைத்துக்கொண்டு ஐசியை 90 டிகிரி திருப்பினேன். மீதிப் பின்களை எதிரே எந்த காம்பொனென்ட் இருக்கிறதோ அதற்கு ஏற்ப ஒதுக்கினேன். சந்து மறைந்தது, வயாக்களில் பெரும்பகுதி போயிற்று. ஃபர்ம்வேர் (ஐசிக்குள் ஓடும் புரோகிராம்) எழுதும் தம்பி, பின் எண்கள் இருக்கும் ஹெடர் ஃபைலில் சில வரிகளை மாற்றியதோடு சரி. சுவிட்சுகளுக்காக ஐசிக்கு வெளியே வைத்திருந்த புல்-அப் ரெசிஸ்டர்களையும் (சுவிட்ச் திறந்திருக்கும்போது லைனை ஹை நிலையில் பிடிப்பவை) தூக்கிவிட்டேன், ஐசிக்குள் இருப்பதே போதும்.

230 வோல்ட் பகுதியில் மட்டும் கை வைக்க மறுத்துவிட்டேன். அங்கே குறைந்த வோல்ட் பகுதியிலிருந்து 8 மி.மீ. இடைவெளி இருந்தது. "நடுவில் ஸ்லாட் வெட்டிட்டுக் குறைக்கலாமே" என்று கேட்டார்கள். ஸ்லாட், அதாவது நீளமான வெட்டுத் துளை, கூட்டுவது போர்டின் பரப்பு வழியாகப் போகும் தூரத்தைத்தான், காற்று வழித் தூரம் மாறாது. தோட்டத்து மோட்டார் ரூம் பெட்டிக்குள் ஈரம், தூசி, எறும்பு, பல்லி எல்லாம் இருக்கும். அந்த இடைவெளி ஒரு விவசாயியின் கையைக் காப்பாற்றுவது. அதில் ஒரு மி.மீ. கூட நான் தர மாட்டேன்.

எஸ்எம்டி லைன்:

அண்ணே, நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம், உதிரிகளை போர்டில் பொருத்தும் அசெம்ப்ளி லைனில் இருக்கிறேன். இடம் மிச்சப்படுத்திய போர்டு எங்களிடம் வரும்போது முதலில் பார்ப்பது ஓரத்தைத்தான். பல போர்டுகள் சேர்ந்த பேனலை வி-கட்டில் (வி வடிவ வெட்டுக் கோட்டில்) உடைக்கும்போது போர்டு லேசாக வளையும். கட்டுக்கு மிக அருகில், அதுவும் கட்டுக்குச் செங்குத்தாக ஒரு செராமிக் கெபாசிட்டர் இருந்தால் உள்ளே விரிசல் விழும். வெளியே ஒன்றும் தெரியாது, டெஸ்டிலும் பாஸ் ஆகிவிடும். ஃபீல்டில் போய் ஷார்ட் ஆகும். இப்படித் திரும்பி வந்த ஒரு லாட்டில் எல்லாப் போர்டிலும் அதே ஓரத்து கெபாசிட்டர்தான் போயிருந்தது. டிசைனர் அதைக் கட்டுக்கு இணையாகத் திருப்பி, கொஞ்சம் உள்ளே தள்ளினார். இடம் ஏறக்குறைய அதேதான், அடுத்த லாட்டில் அந்தப் புகார் வரவில்லை.

இன்னொன்று, "கீழ்ப்பக்கம் காலியாத்தானே இருக்கு" என்று அங்கேயும் அடுக்குவார்கள். செய்யலாம், ஆனால் இரண்டாவது ஸ்டென்சில் (சால்டர் பேஸ்ட் தடவும் தகடு), இரண்டாவது முறை சால்டரை உருக்கும் ஓவன் என்று செலவு ஏறும். மேல்பக்கம் ஓவனில் போகும்போது கீழ்ப்பக்கத்தை உருகிய சால்டரின் பிடிப்பு மட்டுமே தாங்கும். சின்ன ரெசிஸ்டர், கெபாசிட்டர் நிற்கும். கனமான இண்டக்டர் ஓவனுக்குள்ளேயே விழுந்துவிடும். கீழே வைப்பதானால் லேசானதை மட்டும் வையுங்கள்.

நுண்பலகை:

கையில் கட்டும் கருவிகளுக்கு போர்டு போடுகிறேன். எனக்கு 0402-தான் பெரிய சைஸ். கெபாசிட்டர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 10 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட் என்று 0402-லும் கிடைக்கிறது, அதைவிடப் பெரிய 0805-லும் கிடைக்கிறது. இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. 0402-க்கு 5 வோல்ட் கொடுத்தால் அதன் மதிப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். தயாரிப்பாளர் தரும் டிசி பயாஸ் வரைபடத்தை (வோல்டேஜ் ஏற ஏற மதிப்பு எப்படிக் குறைகிறது என்பது) பார்த்தால் தெரியும். இரண்டு மூன்று சின்னது போட்டு ஈடுகட்டுவதற்கு ஒரு பெரியதே குறைந்த இடத்தில் முடிந்த சந்தர்ப்பங்கள் எனக்கு உண்டு.

நெருக்கி வைத்தால்தான் நன்றாக வேலை செய்யும் இடமும் ஒன்று இருக்கிறது: வோல்டேஜைக் குறைத்துத் தரும் பக் கன்வெர்ட்டரின் இன்புட் கெபாசிட்டர். ஐசியின் இன்புட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் ஒட்டினாற்போல அதை வைத்தால் சுவிட்ச் ஆகும் கரன்ட்டின் சுற்று சின்னதாகும், இரைச்சல் குறையும். என் போர்டுகளில் நான் முதலில் வைக்கும் கெபாசிட்டர் அதுதான்.

எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ராஸ்பெர்ரி பை ஜீரோ என்ற குட்டிக் கணினியைப் பாருங்கள். 65 × 30 மி.மீ. போர்டு. அதில் ரேம் சிப்பை பிராசஸரின் முதுகிலேயே ஏற்றி வைத்தார்கள். 2021-இல் வந்த ஜீரோ 2 டபிள்யூ-வில் இரண்டையும் ஒரே பேக்கேஜுக்குள் அடைத்துவிட்டார்கள். பக்கவாட்டில் இடமில்லை என்றால் மேலே போவது. அந்த போர்டை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

ரிச்சி தெரு ரிப்பேர்:

நெருக்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இடம் வேண்டும் என்று எந்த உதிரி என்று சொல்லும் ஆர்12, சி7 என்ற எழுத்துகளை அழித்துவிடுகிறீர்களே, அது எங்களுக்குப் பெரிய கஷ்டம். ஹாட் ஏர் வைத்து ஒரு ஐசியை எடுக்கும்போது பக்கத்தில் பிளாஸ்டிக் கனெக்டர் ஒட்டிக்கொண்டிருந்தால் அது உருகிவிடும். உயரமான, சூடு தாங்காத பொருளை ஐசிக்கு அருகில் வைக்காதீர்கள். வோல்டேஜ் பார்க்க ஒரு புள்ளியாவது விடுங்கள்.

கோவை லேஅவுட்:

நியாயமான கோரிக்கை, அண்ணே. எழுத்துகளுக்கு இடமில்லாத போர்டுகளுக்கு அசெம்ப்ளி படத்தை பிடிஎஃப்பாகச் சேர்த்தே அனுப்புகிறேன், சர்வீஸ் ஆட்களுக்கும் கொடுக்கச் சொல்கிறேன். டெஸ்ட் பாயின்ட்டுக்குத் தனிப் பேட் (செம்புத் திட்டு) வைக்க முடியாவிட்டால், 3.3 வோல்ட், 5 வோல்ட், ரீசெட் ஆகிய லைன்களில் ஏற்கெனவே இருக்கும் வயாக்களின் மேல் பச்சை மாஸ்க்கை (மேல்பூச்சை) திறந்து விடுகிறேன். மீட்டர் முனை அதில் நன்றாக நிற்கும், கூடுதலாக இடமும் பிடிக்காது. பக்கத்தில் உதிரியின் பேட் இருந்தால் மட்டும் திறக்காதீர்கள், சால்டர் வயாவுக்குள் இறங்கிவிடும்.