ஐசியூ வாசலில் வந்த லோன் அழைப்பு: உங்களுக்கும் நடந்ததா?

வைகைக்கரை:
போன மாதம் நடந்தது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அப்பாவுக்கு நெஞ்சுவலி, மதுரையில் சேர்த்திருந்தோம். இரவு முழுக்க ஐசியூ வாசல்தான். விடிந்ததும் ஒரு டீ குடிக்கக் கீழே இறங்கினேன். "போனைக் கையிலேயே வச்சுக்கோங்க, ஏதாவதுன்னா கூப்பிடுவோம்" என்று நர்ஸ் சொல்லியிருந்தார். முதல் வாய் குடிப்பதற்குள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. கை நடுங்கி டம்ளர் கீழே விழுந்து உடைந்தது. எடுத்தால், "சார், உங்களுக்கு அஞ்சு லட்சம் பர்சனல் லோன் ப்ரீ அப்ரூவ்டு ஆகியிருக்கு." எனக்குப் பேச்சே வரவில்லை. கடைக்காரர்தான் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார். தெரியாத எண்ணை எடுக்காதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். அன்றைக்கு எடுக்காமல் எப்படி இருப்பேன்?

கொங்குத்தறி:
எனக்கு மனை விற்கிறவர்கள். சென்னைப் பக்கம் ஒரகடம், சிங்கப்பெருமாள் கோவில் என்று தினமும் மூன்று அழைப்பு. நான் இருப்பது திருப்பூரில், ஒரகடத்தில் எனக்கு என்ன வேலை? ஒருநாள் சரக்கு வாங்குகிற பையரோடு பேசிக்கொண்டிருக்கும்போது விடாமல் அடித்தார்கள். எடுத்து வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். திட்டினால்தான் இவர்களுக்குப் புரியும்.

பழைய டெலிகாலர்:
அண்ணா, திட்டினால் நிற்காது. நான் இரண்டு வருடம் அந்த வேலை பார்த்தவள். எண்களை ஒரு எக்ஸெல் ஷீட்டில் கொடுப்பார்கள், எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். ஒருநாள் ஒருவர் பெயரைச் சொல்லிக் கேட்டேன். ஒரு அம்மா எடுத்தார். "அவருக்கு இன்னைக்குப் பதினாறாம் நாள் காரியம்மா" என்றார், கோபமே இல்லாமல். பின்னால் ஆட்கள் பேசுகிற சத்தம், பாத்திரச் சத்தம். "சாரிம்மா" என்று வைத்துவிட்டேன். சிஸ்டத்தில் அதற்கென்று ஒரு கட்டம்கூடக் கிடையாது, "நாட் இன்ட்ரஸ்டெட்" என்றுதான் போட முடிந்தது. அடுத்த வாரம் அதே எண் பக்கத்து சீட் பெண்ணின் லிஸ்டில் வந்தது. பார்த்ததும் ஹெட்செட்டைக் கழற்றி வைத்தேன். எட்டு வருடம் ஆகிவிட்டது, அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. கோபப்படுங்கள், நியாயம்தான். ஆனால் லிஸ்ட் கொடுக்கிறவனை அது தொடவே தொடாது.

மலைக்கோட்டை:
எனக்குப் பெரிய கதை இல்லை. மதியத் தூக்கத்தில் கிரெடிட் கார்டு அழைப்பு, அவ்வளவுதான். ஆனால் இங்கே யாருமே புகார் பற்றிப் பேசவில்லையே என்றுதான் எழுதுகிறேன். முதலில் 1909 எண்ணுக்கு ஆங்கிலத்தில் "ஸ்டார்ட் 0" என்று எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எல்லா விளம்பர வகைகளுக்கும் டிஎன்டி, அதாவது விளம்பரம் வேண்டாம் என்ற பதிவு, ஆகிவிடும். வங்கியின் ஓடிபி, பணம் எடுத்த செய்தி எதுவும் நிற்காது, பயப்பட வேண்டாம். 140 என்று தொடங்கினால் பதிவுபெற்ற விளம்பர அழைப்பு. 1600 என்று தொடங்குவது வங்கி, காப்பீடு போன்றவற்றின் சேவை அழைப்புக்கு ஒதுக்கியது. சாதாரண 10 இலக்க மொபைல் எண்ணிலிருந்து விளம்பரம் செய்தால் அது விதிமீறல். தேதி, எண், என்ன சொன்னார்கள் என்று குறித்து 1909க்கோ தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டிஎன்டி செயலியிலோ புகார் கொடுங்கள். முன்பு 3 நாளுக்குள் கொடுக்க வேண்டும், 2025 பிப்ரவரியில் டிராய் விதிகளைத் திருத்தியபோது 7 நாளாக்கினார்கள். விளம்பரத்துக்கென்று பதிவுபெறாத எண் மீது புகார் சொல்ல டிஎன்டியில் பதிந்திருக்கவும் தேவையில்லை. 10 நாளில் 5 பேர் புகார் சொன்னாலே அந்த எண் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும், அதற்கு 5 நாள்தான் கெடு. முன்பு 30 நாள். அதனால்தான் சொல்கிறேன், பிளாக் செய்தால் உங்கள் போனுக்கு மட்டும்தான் நிம்மதி. புகார் செய்தால் அடுத்தவருக்கும் உதவும். தயவுசெய்து செய்யுங்கள்.

கொங்குத்தறி:
ஐயா, டிஎன்டி எல்லாம் போட்டு வருடக்கணக்கு ஆகிறது. ஒரு எண் போனால் அடுத்த எண்ணில் வருகிறான். தங்கச்சி சொன்னது மட்டும் உறுத்துகிறது. அன்றைக்கு நான் திட்டியதும் ஒரு சின்னப் பெண் குரல்தான். "சரிங்க சார்" என்று சொல்லி வைத்தது.

வைகைக்கரை:
கேட்டவர்களுக்கு: அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார், நன்றாக இருக்கிறார். அன்றைக்கு வந்த எண்ணுக்கு 7 நாள் எப்போதோ தாண்டிவிட்டது. இன்று காலை வந்த வேறொன்றின் மேல் புகார் கொடுத்திருக்கிறேன். அப்புறம் அப்பாவின் போனை வாங்கிப் பார்த்தேன். அவருக்கும் தினமும் நாலைந்து வருகிறது. டாக்டர் படுத்திருக்கச் சொல்லியும் ஒவ்வொன்றுக்கும் எழுந்து போய் எடுத்து, "வேண்டாம்மா, நல்லாயிரு" என்று சொல்லிவிட்டு வருகிறார். அந்த போனிலும் 1909க்கு அனுப்பிவிட்டேன்.