டிராக்டரையும் கருவிகளையும் கண்டெய்னரில் நிறுத்துபவர்கள்: அளவு, அடித்தளம், ஈரம் (அனுபவப் பகிர்வு)

உழவு இயந்திரக்காரர்

கப்பல் சரக்குக் கண்டெய்னர் பெட்டியை விலை பேசி முடிக்கும் முன்னால் டேப்பை எடுத்து வண்டியை அளந்துவிடுங்கள். பலர் கண்டெய்னரின் உள் உயரத்தைக் கேட்டுவிட்டு வாங்கிவிடுகிறார்கள். வண்டி நுழைய வேண்டியது கதவு வழியாக, அது உள் உயரத்தைவிட அரைச் சாண் அளவுக்குக் குறைவு.

சாதாரண 20 அடிப் பெட்டியில் உள் நீளம் சுமார் 5.9 மீட்டர், உள் அகலம் 2.35, உள் உயரம் 2.39. கதவுத் திறப்போ 2.34 அகலம், 2.28 உயரம்தான். ஹை கியூப் என்று சொல்லும் உயரப் பெட்டியில் கதவு உயரம் 2.58 வரை வரும். 40 அடியில் ஹை கியூப் தாராளமாகக் கிடைக்கும், 20 அடியில் தேட வேண்டும். மடக்கும் ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்பு வளைவு) உள்ள வண்டி என்றால் சாதாரண உயரமே போதும். நிலையான ரோல் பாரோ மேல் கூரையோ இருந்தால் ஹை கியூப் தவிர வேறு வழியில்லை. செங்குத்தான புகைக்குழாயையும் சேர்த்து அளங்கள். எப்படி அளந்தாலும் 5 சென்டிமீட்டராவது மிச்சம் இருக்கட்டும். டயரில் காற்று கூடினாலே உயரம் மாறும்.

அகலத்தில் இன்னொரு சிக்கல். பின்சக்கரத்தின் வெளிவிளிம்பு வரை 1.8 மீட்டர் உள்ள வண்டியை நடுவில் நிறுத்தினால் இருபுறமும் 27 சென்டிமீட்டர்தான். இறங்கவே முடியாது. ஒரு சுவரை ஒட்டி 10 சென்டிமீட்டர் விட்டு நிறுத்துங்கள், மறுபக்கம் 45 கிடைக்கும். ஆள் பக்கவாட்டில் திரும்பி நடந்துவிடலாம். முகப்பு உள்ளே போகும்படி நிறுத்தினால் இருக்கை கதவுப் பக்கம் இருக்கும், இறங்குவது எளிது. ஆனால் பேட்டரி முன்னால் உள்ள வண்டியில் அதை எட்டிப் பிடிப்பது சிரமம். இருக்கைக்கு அருகில் பேட்டரி துண்டிப்பு சுவிட்ச் ஒன்று போட்டுவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

வெல்டிங் பட்டறை

அளவு சரி. அடுத்து அடித்தளம். கதவு பிடித்துக்கொண்டு திறக்கவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை கதவுக் கோளாறே அல்ல, மட்டக் கோளாறு.

கண்டெய்னர் தன் எடையை நான்கு மூலை வார்ப்புகளில்தான், அதாவது மூலைகளில் உள்ள கனத்த இரும்புக் கட்டிகளில்தான் தாங்கும். அந்த வார்ப்புகள் அடிச்சட்டத்தைவிடச் சுமார் 12 மில்லிமீட்டர் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் நான்கு மூலைக்கும் தாங்கல் கொடுத்தால் போதும். 40 அடி என்றால் நீளச்சட்டத்துக்கு நடுவிலும் இருபுறம் கொடுத்துவிடுங்கள், டிராக்டர் ஏறும்போது அசைவு இருக்காது. மேல் மண்ணை வெட்டி எடுத்துவிட்டு 15 சென்டிமீட்டர் ஜல்லி பரப்பி இடித்து, அதன்மேல் 60-க்கு 60 சென்டிமீட்டர் கான்கிரீட் கட்டைகள் வைப்பது நடைமுறையில் நன்றாக நிற்கிறது. களிமண் தரையில் கட்டையைப் பெரிதாக்குங்கள். மட்டம் பார்க்க ரசமட்டம் போதாது. தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாய் பிடித்து நான்கு மூலையையும் ஒப்பிட வேண்டும்.

ஒரு மூலை அமிழ்ந்தால் கதவுச் சட்டம் சதுரமாக இல்லாமல் சாய்கட்டமாகிவிடும். எந்தக் கதவு தாழ்ந்து தெரிகிறதோ அந்தப் பக்க மூலைக்கு ஜாக்கி கொடுத்து 5 மில்லிமீட்டர் தகடு ஒன்றைச் செருகிப் பாருங்கள். தேவைப்பட்டால் இன்னொன்று. தண்டில் கம்பியை மாட்டி நெம்புகிறவர்கள் பூட்டுத் தண்டையே வளைத்துவிடுகிறார்கள், அதன்பின் செலவு இரட்டிப்பு. வலது கதவைத்தான் முதலில் திறக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும், அதன் விளிம்பு இடது கதவின் மேல் படிந்திருக்கும்.

இறக்குவதற்கு முன் இரண்டு விஷயம். கதவு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதைப் பெட்டியை லாரியில் ஏற்றும்போதே சொல்லிவிடுங்கள். சாய்தள லாரி இறக்கிய பிறகு பெட்டியைத் திருப்புவது பெரிய வேலை. இறக்கும் இடத்துக்கு நேர்மேலே மின்கம்பி இருக்கவே கூடாது.

வாங்கும்போது மேலே பளபளக்கும் பெயின்டைப் பார்க்காமல் கீழே குனிந்து பாருங்கள். அடியில் குறுக்காக ஓடும் சட்டங்கள் சுத்தியலால் தட்டும்போது செதில் செதிலாக உதிர்ந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். உள்ளே நின்று, வெளியே ஒரு ஆளைக் காவலுக்கு வைத்துக்கொண்டு, கதவைச் சாத்தச் சொல்லுங்கள். எங்கெங்கே வெளிச்சப்புள்ளி தெரிகிறதோ அங்கெல்லாம் மழைநீர் வரும்.

உழவு இயந்திரக்காரர்

தரையின் பலத்தைப் பற்றிச் சிலர் பயப்படுகிறார்கள். 28 மில்லிமீட்டர் கடல்தர ஒட்டுப்பலகை அது. ஃபோர்க்லிஃப்ட் உள்ளே ஓடுவதற்காக ஒரு அச்சுக்கு 5 டன்னுக்கும் மேல் சோதித்தே செய்யப்படுகிறது. இரண்டு இரண்டரை டன் டிராக்டர் அதற்கு ஒன்றுமில்லை. பழுதாக்குவது ஜாக்கியும், கலப்பைக் கொழுவின் கூர்முனையும், இரும்புச் சக்கரமும்தான். அவற்றுக்கு அடியில் தடித்த பலகை போடுங்கள்.

சாய்தளம்: பெட்டியின் தரை, மூலை வார்ப்பின் அடியிலிருந்து ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் உயரம். அடிக்கட்டை 15 சென்டிமீட்டர் என்றால் மொத்தம் 32. ஆறுக்கு ஒன்று சரிவுக்கு இரண்டு மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். மண்ணால் போட்டால் பெட்டிக்கு அடியில் காற்றோட்டம் அடைபடும், வாசற்சட்டமும் துருப்பிடிக்கும். கழற்றி வைக்கும் இரும்புச் சாய்தளமே நல்லது. அதை வாசற்சட்டத்தில் கொக்கி போட்டு மாட்டுங்கள். மாட்டாத தளம் பின்சக்கரம் உந்தும் உந்தில் பின்னால் பறக்கும்.

டிராக்டர் மெக்கானிக்

இதுவரை யாரும் ஈரத்தைச் சொல்லவில்லை. கண்டெய்னருக்குள் வைத்த வண்டி கெடுவதற்கு முதல் காரணம் மழை அல்ல, பெட்டி உள்ளே தானாக வேர்ப்பது.

30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று 26 டிகிரியைத் தொடும் பரப்பில் நீராகப் படியும். இரவில் தெளிந்த வானத்தின் கீழ் கண்டெய்னரின் 2 மில்லிமீட்டர் கூரைத் தகடு சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். உள்ளே கூரையில் துளி கட்டி இருக்கை மேலும் வயர் இணைப்புகள் மேலும் சொட்டும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 அடிப் பெட்டியில் 33 கனமீட்டர் காற்று. 30 டிகிரியில் முழுக்க ஈரமேறிய காற்று ஒரு கனமீட்டருக்கு 30 கிராம் தண்ணீர் வைத்திருக்கும். ஆக மொத்தப் பெட்டிக் காற்றையும் பிழிந்தாலும் ஒரு லிட்டர்தான். சேற்றோடு உள்ளே போகும் டிராக்டரும் ரோட்டவேட்டருமோ 20 கிலோ சேற்றிலேயே நான்கைந்து லிட்டர் தண்ணீரைக் கொண்டுவருகின்றன. அடியில் ஈர மண் இருந்தால் அங்கிருந்தும் இடைவிடாமல் ஏறும். ஆகவே முதல் வேலை கழுவி, வெயிலில் காயவைத்து, பிறகு உள்ளே விடுவது. இரண்டாவது, ஜல்லிக்கு அடியில் கனமான பாலித்தீன் விரிப்பு. மூன்றாவதுதான் துளை போடுவது.

பெட்டியோடு வரும் சிறு காற்றுத்துளைகளை நம்பாதீர்கள், பயணத்தில் அழுத்தத்தைச் சமன் செய்யத்தான் அவை. தரைப்பரப்பில் 150-ல் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்று கொண்டால் 20 அடிக்கு ஏறத்தாழ 900 சதுர சென்டிமீட்டர். ஒரு கோடியில் தரையை ஒட்டி 15-க்கு 30 ஒன்று, எதிர்க்கோடியில் கூரையை ஒட்டி அதே அளவில் இன்னொன்று. இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால் காற்று நகராது. மேலே மழைத்தடுப்பு மூடி, உள்ளே 6 மில்லிமீட்டர் கண் உள்ள கம்பிவலை. வலை இல்லாவிட்டால் எலி வந்து வயரிங்கைத் தின்றுவிடும்.

வெல்டிங் பட்டறை

துளை வெட்டினதும் விளிம்புக்குத் துத்தநாகப் பிரைமர் உடனே. வெட்டும் வேலை, பற்றவைக்கும் வேலை எதுவாயினும் டிராக்டர் வெளியே நிற்கட்டும். பழைய பெட்டிகளின் அடிப்பூச்சில் துத்தநாகம் இருக்கும், அதன்மேல் பற்றவைத்தால் வரும் புகை காய்ச்சல் கொடுக்கும். பெயின்டைச் சுரண்டிவிட்டு, கதவைத் திறந்துவைத்து, முகக்கவசத்தோடு செய்யுங்கள்.

கேள்வி கேட்பவர்

அண்ணே, துளை போடாமல் ஈரம் உறிஞ்சும் பை தொங்கவிட்டால் போதாதா? கூரையில் ஃபோம் அடிக்கலாமா?

டிராக்டர் மெக்கானிக்

தம்பி, பையா துளையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். துளையைத் திறந்துவைத்துவிட்டுக் கால்சியம் குளோரைடு பை மாட்டினால் அது ஊர்க் காற்றையெல்லாம் உலர்த்தப் பார்க்கும், சில நாளில் நிரம்பிவிடும். மாதக்கணக்கில் திறக்காமல் மூடி வைக்கிற பெட்டிக்குத்தான் பை. நிரம்பியபின் உள்ளிருப்பது உப்புநீர். கிழிந்து இரும்பின் மேல் வடிந்தால் துரு பிடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம். தினமும் வண்டி எடுப்பவர்களுக்குத் துளைதான்.

ஃபோம் வேலை செய்யும். மூடிய கண் உள்ள (உள்குமிழிகள் ஒன்றோடொன்று சேராத) வகையை நேராகத் தகட்டில் ஒட்டும்படி அடித்தால் ஈரக்காற்று குளிர்ந்த இரும்பைத் தொடவே தொடாது. தெர்மாகோல் பலகையை இடைவெளி விட்டு ஒட்டினால் பின்னால் தண்ணீர் கோத்துக்கொண்டு கூரை உள்ளிருந்து அரிக்கும். ஃபோம் அடித்தபின் வெளியே ஒரு சிறு வெல்டிங் வைத்தாலும் உள்ளே தீப்பிடிக்கும், நச்சுப்புகை வரும். எல்லா வெல்டிங்கும் முடிந்தபின்தான் ஃபோம். கூரைக்கு வெள்ளைப் பெயின்ட் அடிப்பது பகல் சூட்டைக் குறைக்கும், ஆனால் இரவு வேர்ப்பதை நிறுத்தாது.

நீண்ட நாள் நிற்கப்போகும் வண்டிக்கு: டீசல் டேங்கை நிரப்பிவிடுங்கள், காலி இடத்தில்தான் நீர் கோக்கும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். கருவியைத் தரையில் இறக்கி, வெளியே நீட்டிய ஹைட்ராலிக் தண்டில் கிரீஸ் பூசுங்கள். புகைக்குழாய் வாயை மூடுங்கள். கிளட்ச் பெடலை அமுக்கி மரக்கட்டை கொடுத்து நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஈரத்தில் கிளட்ச் தட்டு எஞ்சினின் ஃபிளைவீல் சக்கரத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு கியர் விழாது, வண்டியை எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே பிரிக்க வேண்டிவரும்.

உரத்தை அதே பெட்டியில் வைக்கவே வைக்காதீர்கள். அது ஈரத்தை இழுக்கும், செம்பு வயரை அரிக்கும். அம்மோனியம் நைட்ரேட் கலந்த உரம் டீசலோடு ஒரே கூரையின் கீழ் இருப்பது உயிராபத்து.

உழவு இயந்திரக்காரர்

பாதுகாப்பில் என் சார்பில் மூன்று. உள்ளே எஞ்சினை ஓடவிட்டு எதையும் சரிபார்க்காதீர்கள், இவ்வளவு சிறிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேர நேரமே ஆகாது. ஸ்டார்ட் செய்ததும் வெளியே. அடுத்து, கண்டெய்னர் கதவை உள்ளிருந்து திறக்க முடியாது. உள்ளே ஆள் இருக்கும்போது இரண்டு கதவையும் முழுக்கத் திருப்பிப் பக்கச்சுவரோடு சங்கிலியிட்டுப் பூட்டி வையுங்கள். காற்றில் அறையும் கதவு விரலையும் எடுத்துவிடும். மூன்றாவது, பெட்ரோல் ஆவி தரையில் தங்கும், பேட்டரி சார்ஜாகும்போது வரும் ஹைட்ரஜன் கூரையில் தங்கும். மெக்கானிக் சொன்ன மேல் துளை, கீழ்த் துளை இரண்டும் இதற்கும்தான்.

வெல்டிங் பட்டறை

இரண்டு வண்டிக்கு மேல் உள்ளவர்கள் வண்டியை உள்ளே திணிக்காமல், இரண்டு 40 அடிப் பெட்டியை 6 மீட்டர் இடைவெளியில் வைத்து நடுவில் கூரை போடுவதையே நான் பரிந்துரைப்பேன். வண்டி நடுவில், கருவியும் உதிரிபாகமும் பெட்டிக்குள். இங்கே கவனிக்க வேண்டியது காற்றின் தூக்கல். மணிக்கு 144 கிலோமீட்டர் காற்றில் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ. 6-க்கு 12 மீட்டர் கூரையில் அது 7 டன்னைத் தாண்டும். இரண்டு காலிப் பெட்டிகளின் எடை சேர்த்தாலே ஏழரை டன் அளவுதான். அதனால் பெட்டியைக் கட்டையின் மேல் வெறுமனே உட்காரவைத்தால் போதாது. கான்கிரீட்டில் பதித்த தகட்டோடு மூலை வார்ப்பை இணைக்க வேண்டும். கூரைச் சட்டத்தின் கால்களை மூலைத் தூண்களுக்கு நேரேயும் மேல் நீளச்சட்டத்தின் மேலும் ஊன்றுங்கள், நடுக்கூரைத் தகட்டில் ஒன்றும் ஏற்றாதீர்கள்.

பக்கச்சுவரை வெட்டி வாசல் வைப்பவர்களுக்கு: அந்த அலைத்தகடு வெறும் மறைப்பு அல்ல, மேல் சட்டத்தைத் தாங்குவதே அதுதான். முதலில் திறப்பைச் சுற்றி 100-க்கு 50 மில்லிமீட்டர் பாக்ஸ் பைப்பில் முழுச் சட்டம் பற்றவைத்து, தரைச் சட்டத்தோடும் மேல் சட்டத்தோடும் இணைத்தபின் தகட்டை வெட்டுங்கள். வெட்டிவிட்டுச் சட்டம் வைத்தால் மேல் சட்டம் அதற்குள் தொங்கியிருக்கும், பிறகு எந்தக் கதவும் அங்கே சதுரமாக உட்காராது.