எட்டு மாசமா போஸ்ட் போடறேன், ரீச் 200ஐ தாண்டவே மாட்டேங்குது, எங்க தப்பு பண்றேன்?

பென்சில்கோடு:

வணக்கம் எல்லாருக்கும். பென்சில் டிராயிங் பேஜ் ஒண்ணு இன்ஸ்டாகிராம்ல நடத்திட்டு இருக்கேன், ஆரம்பிச்சு எட்டு மாசம் ஆச்சு. முதல் மூணு மாசம் நல்லாத்தான் போச்சு, ஒரு ரீல் 9,000 பேர் வரைக்கும் போய் ஃபாலோயர்ஸ் 2,300 ஆனாங்க. அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னே தெரியல, இப்ப எது போட்டாலும் 180, 200, அவ்ளோதான். 2,300 பேர் இருக்கற பேஜ்ல 200 பேர் கூட பாக்கலைன்னா மத்தவங்கல்லாம் எங்க போனாங்க?

நான் பண்றத அப்படியே சொல்லிடறேன். தினமும் ஒரு போஸ்ட், ஒரு நாள் கூட விட்டதில்ல, சாயங்காலம் கரெக்டா 7 மணிக்கு. ஹேஷ்டேக் எவ்ளோ விடுதோ அவ்ளோ போடுவேன். கடைசி லைன்ல "பிடிச்சிருந்தா லைக் பண்ணுங்க, ரெண்டு ஃப்ரெண்ட்ஸ டேக் பண்ணுங்க"ன்னு எழுதுவேன். அப்புறம் 60 பேர் இருக்கற ஒரு வாட்ஸ்அப் குரூப்ல இருக்கேன், யாரு லிங்க் போட்டாலும் எல்லாரும் போய் லைக் போட்டு ஒரு கமெண்டும் போடணும்னு ரூல். அதனால 50, 60 லைக் வந்துடும், ஆனா அதோட நின்னுடுது.

ஒரு முகம் முடிக்க மூணு நாலு மணி நேரம் ஆகுது எனக்கு. அவ்ளோ உழைச்சது யார் கண்ணுலயும் படாம போறது ரொம்ப வலிக்குது. ஷேடோ பேன், அதாவது நம்மகிட்ட சொல்லாமலே போஸ்ட்ட மறைச்சு வைக்கறது, அப்படி ஆயிருக்குமா? இல்ல காசு குடுத்து பூஸ்ட் பண்ணித்தான் ஆகணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ராத்திரிஎடிட்டர்:

முதல்ல பேன் பயத்த முடிச்சிடலாம். செட்டிங்ஸ்ல அக்கவுன்ட் ஸ்டேட்டஸ்னு ஒண்ணு இருக்கு, உங்க போஸ்ட்ட ஃபாலோ பண்ணாதவங்களுக்கு சிபாரிசு பண்ண முடியுமா முடியாதான்னு அங்கயே காட்டும். பச்சை டிக் இருந்தா நீங்க நினைக்கற மாதிரி எதுவும் இல்ல, நிம்மதியா இருங்க.

அடுத்தது, அந்த குரூப்ப விட்டு இன்னைக்கே வெளிய வாங்க. கோவத்துல சொல்லல, நானும் ஒரு வருஷம் அப்படி ஒரு குரூப்ல கிடந்தவன்தான். அந்த 60 பேருக்கு டிராயிங்ல ஆர்வம் கிடையாது, லிங்க்க தொடுவாங்க, ரெண்டு செகண்ட்ல லைக் போட்டு "சூப்பர்"னு அடிச்சிட்டு அடுத்த லிங்க்குக்கு போயிடுவாங்க. இன்ஸ்டால ஒரு போஸ்ட்ட எடுத்தவுடனே எல்லாருக்கும் காட்ட மாட்டாங்க, கொஞ்ச பேருக்கு காட்டி அவங்க என்ன பண்றாங்கன்னு பாத்துத்தான் அடுத்த வட்டத்துக்கு அனுப்புவாங்க. உங்க விஷயத்துல அந்த கொஞ்ச பேர்ல முக்காவாசி யாரு? பாக்காமயே லைக் போடறவங்க. அப்ப சிஸ்டத்துக்கு கிடைக்கற சேதி என்னன்னா இத யாரும் ரெண்டு செகண்டுக்கு மேல பாக்கல, அவ்ளோதான். இது போக, உங்க போஸ்ட் யாருக்கு பிடிக்கும்னு அது தப்பான ஆளுங்கள வச்சு கத்துக்குது.

"டேக் பண்ணுங்க, லைக் பண்ணுங்க" லைனும் வேணாம். இப்படி கெஞ்சி லைக் வாங்கற போஸ்ட்டுகள கீழ தள்ளப் போறோம்னு ஃபேஸ்புக் 2017 டிசம்பர்லயே அறிவிச்சுது. அதே கம்பெனிதான் இன்ஸ்டாவும்.

பூஸ்டுக்கு இப்ப காசு போடாதீங்க. தானா ஓடாத போஸ்ட்ட காசு குடுத்து ஓட வச்சா காசு நின்ன அன்னைக்கு அதுவும் நின்னுடும்.

வெள்ளைத்தாள்:

நானும் வரையறவ, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன், பொறுத்துக்கோங்க.

இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொஸ்ஸேரி 2025 ஜனவரில மூணு விஷயம்தான் முக்கியம்னு சொன்னாரு: எவ்ளோ நேரம் பாக்கறாங்க, லைக் பண்றாங்களா, இன்னொருத்தருக்கு அனுப்பறாங்களா. இதுல ஏற்கனவே ஃபாலோ பண்றவங்க கிட்ட போய் சேர லைக் கொஞ்சம் கூடுதலா உதவும், புது ஆளுங்க கிட்ட போய் சேர அந்த அனுப்பறதுதான் கூடுதலா உதவும். உங்க பிரச்சினை புது ஆளுங்க வரலைங்கறது. அப்ப நீங்க யோசிக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், இத பாக்கறவங்க யாருக்கு அனுப்புவாங்க?

ஒரு அழகான முகத்த வரைஞ்சு போட்டா மனசார லைக் போடுவாங்க, ஆனா யாருக்கும் அனுப்ப மாட்டாங்க, அனுப்ப ஒரு காரணம் வேணும்ல. அதுவே "கண்ண தலைல ரொம்ப மேல வரையறீங்க, அதான் முகம் கோணலா தெரியுது, கண்ணு இருக்கறது தலையோட சரிபாதி உயரத்துல"ன்னு சொல்லி ஒரு ரீல் போட்டா, பாக்கறவங்களுக்கு உடனே வரையற தங்கச்சியோ கூட படிக்கற பையனோ ஞாபகம் வருவாங்க. "ஏய் நீ பண்றது இதான்"னு அனுப்பி விடுவாங்க. கண்ணோட வெள்ளைய வெள்ளையாவே விட்டுடறது, 2பி பென்சில் ஒண்ண வச்சே முழு முகத்தையும் முடிக்கப் பாக்கறது, மூக்குக்கு ரெண்டு பக்கமும் கோடு போட்டு அடைக்கறதுன்னு நம்ம எல்லாரும் பண்ணி திருத்திக்கிட்ட தப்பு எத்தன இருக்கு. ஒவ்வொண்ணும் ஒரு ரீல்.

ரெண்டாவது, உங்க ரீல் எப்படி ஆரம்பிக்குது? டிராயிங் ரீல் பத்துல ஒம்பது வெறும் வெள்ளைப் பேப்பர்லதான் ஆரம்பிக்கும், ஒரு கை வரும், மெதுவா ஒரு வட்டம் போடும். நமக்கு அது தியானம் மாதிரி, ஆனா விரலால தள்ளிக்கிட்டே போறவங்களுக்கு அந்த மூணு செகண்ட்ல பாக்க எதுவுமே இல்ல. தப்பான முகத்தையும் சரியான முகத்தையும் பக்கத்து பக்கத்துல வச்சு ஆரம்பிங்க, வித்தியாசம் கண்ணுல அடிச்சாப்ல தெரியணும், ஏன்னு தெரிஞ்சுக்க இருப்பாங்க. நிறைய பேர் சத்தத்த அணைச்சுட்டுத்தான் பாப்பாங்க, அதனால நீங்க பேசறது எழுத்தாவும் ஸ்க்ரீன்ல வரட்டும்.

கேப்ஷன்ல ஹேஷ்டேக் மலைக்கு பதிலா ஆளுங்க தேடற வார்த்தைய வாக்கியமா எழுதுங்க, "பென்சில்ல கண்ணு வரையறது எப்படி"ன்னு. அப்புறம் வேற ஆப்ல எடிட் பண்ணி அந்த ஆப்போட லோகோ (வாட்டர்மார்க்) தெரியற மாதிரி போடறீங்களான்னு பாருங்க, அப்படி இருக்கற ரீல்ஸ கம்மியாத்தான் சிபாரிசு பண்ணுவோம்னு இன்ஸ்டாகிராமே 2021ல சொல்லிடுச்சு.

தினம்ஒண்ணு:

தினமும் போடறத மட்டும் நிறுத்தாதீங்க சகோ. நான் விட்டுட்டு விட்டுட்டு போட்டப்பல்லாம் பேஜ் படுத்துடுச்சு. 7 மணியும் நல்ல டைம்தான்.

ராத்திரிஎடிட்டர்:

இதுல எனக்கு ஒப்புதல் இல்ல நண்பா. 2016லயே இன்ஸ்டா ஃபீட் நேர வரிசைய விட்டாச்சு, 7 மணிக்கு போட்டா 7 மணிக்கே எல்லாருக்கும் முதல் போஸ்ட்டா வந்து நிக்கும்ங்கற காலம் போயிடுச்சு. பேஜோட கணக்கெல்லாம் காட்டற இன்சைட்ஸ்ல உங்க ஃபாலோயர்ஸ் எந்த நேரம் ஆன்லைன்ல இருக்காங்கன்னு இருக்கும், அதுக்கு கொஞ்சம் முன்னாடி போடுங்க, அதுக்கு மேல மணி பாக்காதீங்க. ஒரு படத்துக்கு நாலு மணி நேரம் ஆகற ஆளு தினமும் போடணும்னா எதையோ அவசரமா முடிச்சுத்தான் போடணும். வாரம் மூணு போதும், ஆனா அந்த மூணும் விடாம வரணும், விட்டு விட்டு போடறது ஆகாதுங்கறத மட்டும் நானும் ஒத்துக்கறேன்.

பழையபிளாக்கர்:

நான் எக்ஸ் (பழைய ட்விட்டர்) பக்கம்தான் அதிகம், ஆனா ஒரு விஷயம் இங்கயும் உதவும். 2023 மார்ச் 31 அன்னைக்கு எக்ஸ்காரங்க எந்த போஸ்ட்ட யாருக்கு சிபாரிசு பண்ணணும்னு முடிவு பண்ற ப்ரோக்ராம வெளியிட்டாங்க, கூடவே எதுக்கு எவ்ளோ எடை குடுக்கறாங்கன்னும் வந்துச்சு. லைக்குக்கு 0.5, ரீட்வீட்டுக்கு 1, யாராவது பதில் எழுதினா 13.5, அந்த பதிலுக்கு போஸ்ட் போட்டவரு திரும்ப பேசினா 75. "இத கம்மியா காட்டு"ன்னு யாராவது அமுத்தினா மைனஸ் 74, ரிப்போர்ட் பண்ணா மைனஸ் 369. அது அந்த நாள் கணக்கு, இன்ஸ்டாவுக்கு அப்படியே பொருந்தாது. ஆனா பேச்சு நடக்கற இடத்துக்கு எவ்ளோ மதிப்புன்னு பாருங்க, ஒரு லைக்குக்கு 150 மடங்கு.

அதனால உங்க கிட்ட யாராவது "எந்த பேப்பர் யூஸ் பண்றீங்க"ன்னு கேட்டா ஹார்ட் மட்டும் போட்டுட்டு போகாதீங்க. பதில் சொல்லிட்டு, நீங்க என்ன வரைஞ்சிட்டு இருக்கீங்கன்னு திருப்பி கேளுங்க. ரீச்சுக்காகன்னு இல்ல, கத்துக்குடுக்கற பேஜ்ல அதுதானே வேலை.

இன்னொண்ணு, அதே வீடியோவ யூடியூப் ஷார்ட்ஸ்லயும் போடுங்க, 2024 அக்டோபர்ல இருந்து மூணு நிமிஷம் வரைக்கும் விடறாங்க. யூடியூப்ல தேடி வர்றவங்க அதிகம், பாடம் மாதிரி இருக்கறது ஆறு மாசம் கழிச்சும் பாக்கப்படும். பெரிய வீடியோ போட்டா தம்ப்நெயில் கிளிக் சதவீதம், அதாவது வீடியோவோட முகப்புப் படத்த பாத்தவங்கள்ல நூத்துக்கு எத்தன தடவை கிளிக் ஆச்சுங்கறது, 4, 5ன்னு வந்தா பயப்படாதீங்க, பாதி சேனல்களுக்கு 2ல இருந்து 10க்குள்ளதான்னு யூடியூப்பே சொல்லுது.

பென்சில்கோடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ நேரம் எடுத்து எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல.

அக்கவுன்ட் ஸ்டேட்டஸ் பச்சையாத்தான் இருக்கு. குரூப்ப விட்டு வந்துட்டேன். அப்புறம் இன்சைட்ஸ்ல உக்காந்து கடைசி பத்து ரீலையும் பாத்தேன், 40 செகண்ட் ரீல சராசரியா 3 செகண்ட்தான் பாத்திருக்காங்க. எல்லாமே வெள்ளைப் பேப்பர்லதான் ஆரம்பிக்குது, வெள்ளைத்தாள் அக்கா பக்கத்துல இருந்து பாத்த மாதிரி சொல்லிட்டீங்க. பத்து ரீலும் சேத்து 4 பேர்தான் யாருக்கோ அனுப்பியிருக்காங்க. அந்த 9,000 போன ரீல எடுத்துப் பாத்தா 140 தடவை அனுப்பியிருக்காங்க, அது மூக்கு வரையறப்ப எங்க கோடு போடக் கூடாதுன்னு ஏதோ ஒரு நாள் அவசரத்துல எடுத்தது. அது ஓடினதுக்கு காரணம் அதிர்ஷ்டம்னே இத்தன நாளா நினைச்சிட்டு இருந்தேன்.

ஆனா ஒரு கேள்வி. எனக்கு முழு போர்ட்ரெய்ட் வரையறதுதான் உயிர், டிப்ஸ் குடுக்கறதுக்காக நான் பேஜ் ஆரம்பிக்கல. அப்ப அத போடவே கூடாதா?

வெள்ளைத்தாள்:

ஐயோ தாராளமா போடுங்க, அதுக்காகத்தானே வரையறோம். ரீச் கம்மியா வந்தாலும் பரவாயில்லன்னு மனச தயார் பண்ணிட்டு போடுங்க, அது உங்க ஆளுங்களுக்கு, பாடம் புது ஆளுங்களுக்கு. போர்ட்ரெய்ட்ட ஒரே படமா போடாம ஸ்வைப் போஸ்ட்டா போட்டுப் பாருங்க, முதல் அவுட்லைன், எங்க தப்பாச்சு, எப்படி அழிச்சு திருத்தினீங்க, கடைசில முடிஞ்ச முகம். 2024ல இருந்து 20 படம் வரைக்கும் போடலாம். முதல் படத்த ஸ்வைப் பண்ணாம போனவங்களுக்கு சில சமயம் ரெண்டாவது படத்தோட திரும்ப காட்டுவாங்க, அதனால ரெண்டாவது படமும் தனியா நிக்கற மாதிரி இருக்கட்டும்.

ட்ரையல் ரீல்னு ஒரு வசதி உங்க அக்கவுன்ட்ல இருக்கான்னு பாருங்க, முதல்ல ஃபாலோ பண்ணாதவங்களுக்கு மட்டும் காட்டும். ஒரே பாடத்த ரெண்டு விதமா ஆரம்பிச்சு, எதுல நிக்கறாங்கன்னு பாக்க நல்ல வழி.

பென்சில்கோடு:

மூணு வாரம் கழிச்சு வந்து சொல்றேன். ஆறு ரீல் போட்டேன். ரெண்டு பழையபடி 200, 260லயே நின்னுடுச்சு, ஒண்ணுல நான் ரொம்ப பேசிட்டேன், இன்னொண்ணு ஏன்னு இன்னும் யோசிச்சிட்டு இருக்கேன். மூணு சுமாரா 500, 600. கண்ணு எந்த உயரத்துல இருக்கணும்ங்கற ரீல் மட்டும் 3,100 பேருக்கு போயிருக்கு, 58 பேர் அனுப்பியிருக்காங்க, சராசரி 17 செகண்ட் பாத்திருக்காங்க. கமெண்ட்ல எல்லாருக்கும் உக்காந்து பதில் எழுதினேன், அதுல ஒரு மணி நேரம் போச்சு.

அதுல ஒருத்தங்க அவங்க அப்பா முகத்த பழைய தடவை வரைஞ்சதையும் ரீல் பாத்துட்டு திரும்ப வரைஞ்சதையும் மெசேஜ்ல அனுப்பினாங்க. ரெண்டாவதுல கண்ணு சரியான எடத்துல இருந்துச்சு, காதுதான் ரொம்ப கீழ இறங்கிடுச்சு. புருவத்துக்கு நேரா ஆரம்பிச்சு மூக்கு நுனிகிட்ட முடியணும்னு எழுதி அனுப்பினேன், வியாழக்கிழமை ரீலும் அதேதான்.